பெரம்பூருக்குத் திரும்பிய வண்டி

பின்சீட்டில் ரெஜினாவும் கார்த்தியும். முன்சீட்டில் பாஷா. மூவரும் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுபவர்கள். காலடிப்பேட்டையிலிருந்து அவர்களை ஆபீஸுக்குக் கொண்டுபோகும் டிரைவர் நான்.

நான் வாய் திறந்து பேசுவதில்லை என்று என் மனைவி பெரம்பூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அன்று காலை வண்டியில் அதைச் சொன்னேன்.

“பூ வாங்கினு போ நைனா,” என்றான் கார்த்தி.

“உன் புரோகிராமே ஓடல, நீ அட்வைஸா?” என்றாள் ரெஜினா. “அண்ணா, வண்டிய பெரம்பூருக்கு வுடு. ஆபீஸ் லேட்டானா ஆவட்டும்.”

வாசலுக்கு வந்த மனைவி வண்டியைப் பார்த்தாள்.

“யாருய்யா இவங்கல்லாம்?”

“நம்ம தோஸ்துங்க,” என்றேன்.

“உனுக்குக்கூட பேச ஆள் கீதா?” என்று சிரித்துவிட்டாள். பாஷா இறங்கி அவளுக்கு முன்சீட்டை விட்டான்.

இப்போது அவர்களுக்கு வீட்டிலேயே வேலை. நான் பார்சல் ஏற்றுகிறேன். அந்தப் பேச்சுக்குக் காது ஏங்குகிறது.

அவள் ஏறிய அன்று வண்டியில் ஐந்து பேர்.