தையல் ஏன் வெளிப்பக்கம் இருக்கிறது?

மூன்று வருடங்களுக்கு முன்பு, தெரணியகலையில் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாதத்தில், கொழும்பிலிருந்து எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. சின்னதாகத் தொழில் தொடங்கியவர்களுக்குத் தொலைக்காட்சியில் நடத்தும் ஒரு போட்டிக்கு விண்ணப்பித்திருந்தேன், அதற்கு என்னைத் தெரிவு செய்திருக்கிறார்களாம். அப்போது நான் டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். போனை வைத்ததும் கடை வாசலிலேயே ஒரு குதி குதித்தேன். முதலாளி நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி துணியை மடிக்கத் தொடங்கினார்.

என்ன தொழில் என்று கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். அட்டைக் காலுறை. எங்கள் பக்கம் மழை விழுந்துவிட்டால் தேயிலை மலையில் கால் வைக்க முடியாது, ரத்தம் குடிக்கிற அட்டை ஏறிவிடும். கொழுந்து எடுக்கிற பெண்கள் காலில் சவர்க்காரம் தேய்ப்பார்கள், சுண்ணாம்பு தடவுவார்கள். ஒரு மழைக்கு எல்லாம் கரைந்து போகும். எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், எனக்கு அடுத்த வீட்டு அக்காவும் கொழுந்து எடுப்பவர்தான். வீட்டில் ஒரு பழைய தையல் மிசின் வைத்திருந்தார். கடையில் மிஞ்சும் வெட்டுத் துணிகளை அவருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒரு நாள் அதில் நெருக்கமாக நெய்த துணியாகப் பார்த்து எடுத்து, முழங்கால் வரைக்கும் வருகிற மாதிரி, மேலே நாடா இழுத்துக் கட்டுகிற மாதிரி ஒரு சோடி காலுறை தைத்துப் போட்டுக்கொண்டு மலைக்குப் போனார். சாயங்காலம் வந்து கழற்றிப் பார்த்தால் காலில் ஒரு கடிகூட இல்லை. மறுவாரம் அவருடன் வேலை செய்யும் நாலைந்து பேர் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள்.

இதை விற்கலாம் என்று சொன்னது நான். அக்கா தைத்தார், நான் விற்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தமிழும் சிங்களமுமாகக் கலந்து பேசி யாரையும் வாங்க வைத்துவிடுவேன். பக்கத்துத் தோட்டங்களுக்கும், நாங்கள் நாடு என்று சொல்லும் சிங்களக் கிராமங்களுக்கும் நான்தான் பை தூக்கிக்கொண்டு போனேன்.

போட்டி விண்ணப்பத்தில் ஒருவர் பெயருக்குத்தான் இடம் இருந்தது. அக்காவிடம் கேட்டேன். “நீயே போயிட்டு வா புள்ள. அவ்வளவு லைட்டு முன்னால நிப்பாட்டினா எனக்கு எம்பேரே மறந்துபோகும்” என்றார். அதனால் என் பெயரை எழுதினேன். அது தப்பில்லை. தப்பு அதற்குப் பிறகு நடந்தது.

படப்பிடிப்பு அன்று விடியற்காலை பஸ்ஸில் கொழும்புக்குப் போனேன். நிகழ்ச்சி தயாரிப்பில் இருந்த ஒரு பெண் என்னை உட்கார வைத்து, என்ன பேசப்போகிறேன் என்று கேட்டுக்கொண்டாள். நானும் அக்காவும் என்று ஆரம்பித்தேன். “ரெண்டு பேர்னா பார்க்கிறவங்களுக்குக் குழம்பும். ஒரு ஆளோட கதையாச் சொன்னா நல்லா மனசுல நிக்கும்” என்றாள். அவள் என்னை வற்புறுத்தவில்லை. அதை எழுதியே ஆக வேண்டும். நான் அரை நிமிடம்கூட யோசிக்காமல் தலையாட்டினேன்.

மேடை ஏறினேன். மூன்று நடுவர்கள். “அட்டை கடிச்சு கால்ல ரத்தம் வழிய மலையில நின்னப்போ எனக்கு இந்த யோசனை வந்தது. நானே வெட்டி நானே தைச்சேன்” என்று சிங்களத்தில் சொன்னேன். உண்மையில் நான் ஒரு நாள்கூடக் கொழுந்து எடுத்தவள் இல்லை. ஆனால் சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை வந்தது, கண்ணீரும் வந்தது. இரண்டு நடுவர்கள் கைதட்டினார்கள்.

மூன்றாவது நடுவர் கார்மெண்ட் தொழிற்சாலை நடத்தும் ஓர் அம்மா. அவர் கைதட்டவில்லை. காலுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நங்கி,” என்று தங்கச்சியைக் கூப்பிடுவதுபோல ஆரம்பித்தார், “தையல் எல்லாம் வெளிப்பக்கம் இருக்கே. ஏன்?”

அதுவரைக்கும் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. “பார்க்கிறதுக்கு வித்தியாசமா, ஒரு டிசைன் மாதிரி இருக்கட்டும்னு” என்றேன்.

அவர் கையைக் காலுறைக்குள் விட்டு, குதிகால் வருகிற இடத்தை மெதுவாகத் தடவிப் பார்த்தார். பிறகு கோபமே இல்லாமல் சொன்னார்: “இது டிசைன் இல்ல. தையல் உள்ள இருந்தா, ஈரத்தோட நாள் பூரா நடக்கிறப்போ குதிகாலைத் தேய்ச்சுப் புண்ணாக்கிடும். நடந்து அனுபவப்பட்ட ஆள்தான் இப்படித் தைச்சிருக்கணும். நீங்க நல்லாப் பேசுறீங்க. இதைத் தைச்சவங்க எங்க?”

“வீட்டுல” என்ற ஒரு சொல் மட்டும்தான் வந்தது. அந்தச் சுற்றோடு என்னை அனுப்பிவிட்டார்கள்.

பஸ்ஸில் வரும்போது தோற்றது பெரிதாகத் தெரியவில்லை. அக்காவிடம் என்ன சொல்வது என்பதுதான் தெரியவில்லை. அவர் ரொட்டி சுட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தார். “தோத்துட்டேன்க்கா” என்றேன். “விடு புள்ள, அம்புட்டுத் தூரம் போனதே பெருசு” என்று தட்டை நீட்டினார். தட்டை வாங்கிக்கொண்டேன். மேடையில் சொன்ன பொய்யை மட்டும் சொல்லவில்லை. மனதில் ஒரு கோழைத்தனமான கணக்குப் போட்டுக்கொண்டேன். நிகழ்ச்சி ஒளிபரப்பாகும்போது அந்த அம்மா கேட்டதை அக்காவே கேட்டுக்கொள்வார், நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பினார்கள். அக்கா வீட்டுத் தொலைக்காட்சி முன்னால் லயமே கூடியிருந்தது. நான் வந்தேன், பேசினேன், அழுதேன். பின்னால் சோகமாக ஒரு இசை. இரண்டு நடுவர்கள் கைதட்டினார்கள். அடுத்த காட்சியில் நான் கைகூப்பி விடைபெற்றுப் போய்க்கொண்டிருந்தேன். அவ்வளவுதான். தையலைப் பற்றிய கேள்வி, அந்த அம்மாவின் பதில், எல்லாவற்றையும் வெட்டிவிட்டிருந்தார்கள். நான் சொன்ன பொய் மட்டும் முழுசாக இருந்தது.

எல்லோரும் கைதட்டினார்கள். எதிர் வீட்டுக்காரி மட்டும் திரும்பிப் பார்த்து, “நீயே வெட்டி நீயே தைச்சியா? அப்போ இவ இத்தனை நாளா மிசின்ல என்னா செஞ்சிக்கிட்டு இருந்தா?” என்றாள். அக்கா தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மேடையில் அவ்வளவு பேசிய எனக்கு அந்தச் சின்ன வீட்டில் எழுந்து நிற்பதே பெரும்பாடாக இருந்தது. எழுந்து நின்றேன். “நான் சொன்னது பொய். யோசிச்சதும் அக்காதான், தைச்சதும் அக்காதான். அங்க ஒருத்தர் அதைக் கண்டுபிடிச்சிட்டாங்க. அந்தக் கேள்வியிலதான் நான் தோத்தேன்” என்று சொல்லி, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். தொலைக்காட்சியில் வந்த அழுகை வேறு, அப்போது வந்த அழுகை வேறு.

அக்கா சமையலறை வாசலில் வந்து நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“அந்தம்மா கைய உள்ள விட்டுப் பார்த்தாங்களா?”

“ஆமாக்கா.”

“குதிகால் பக்கமா?”

“ஆமா.”

அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. யாரோ முன்பின் தெரியாத ஒருவர், கொழும்பில் உட்கார்ந்துகொண்டு, அவருடைய வேலையைப் புரிந்துகொண்டிருக்கிறார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: “நீ எங்கிட்ட ஒரு நாளும் அதைக் கேட்டதே இல்லையே புள்ள.”

அவர் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அந்த வாரமே கித்துல்கலையிலிருந்து ஒருவர் போன் செய்தார். ஆற்றில் படகு விடவும் காட்டில் நடக்கவும் வரும் வெளிநாட்டுக்காரர்களைக் கவனிக்கும் விடுதிக்காரர், நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டுக் காலுறை வேண்டும் என்றார். “எங்க அக்காவையும் கூட்டிக்கிட்டு வாறேன்” என்றேன். விடுதிக்குப் போனதும் நான் வழக்கம்போலப் பேச ஆரம்பித்தேன். அக்கா நடுவில் புகுந்து, நல்ல சிங்களத்தில் அவரைக் கேள்வி கேட்கத் தொடங்கினார். தண்ணீரில் இறங்குகிறவர்களுக்கா, காட்டில் நடக்கிறவர்களுக்கா? சப்பாத்துக்குள் போடுவார்களா, செருப்போடு நடப்பார்களா? அவர்கள் கால் எவ்வளவு நீளம்? விடுதிக்காரர் உள்ளே போய் இரண்டு வாடிக்கையாளர்களை அழைத்து வந்து நிறுத்தினார். அக்கா தரையில் உட்கார்ந்து அவர்கள் காலை அளந்தார். நான் வாயை மூடிக்கொண்டு, அளவுகளை எழுதிக்கொண்டேன்.

இப்போது அக்கா கொழுந்து எடுக்கப் போவதில்லை. அவர் வீட்டில் மூன்று மிசின் ஓடுகிறது, இன்னும் இரண்டு பெண்கள் தைக்கிறார்கள். நானும் கடை வேலையை விட்டுவிட்டேன். போன மழைக்காலத்தில் எங்கள் காலுறையைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் முழுக்க மலையில் பெண்களோடு நடந்தேன். நனைந்தால் நாடா இறுகிப்போய் அவிழ்க்க முடியவில்லை என்று பெரிய கண்டுபிடிப்பு மாதிரி வந்து சொன்னேன். அக்கா சிரித்துக்கொண்டே வேறு நாடா வைத்துத் தைத்திருந்த சோடியை எடுத்துக் காட்டினார்.

அந்த மாதிரிப் போட்டியெல்லாம் உண்மையான திறமையைக் கண்டுபிடிக்குமா என்று என்னைச் சில பேர் கேட்பதுண்டு. என் விஷயத்தில் கண்டுபிடித்தது, ஆனால் மேடையில் நின்றவளிடம் அல்ல, கண்டுபிடித்ததையும் கடைசியில் வெட்டிப் போட்டுவிட்டார்கள். அது யாருடைய திறமை என்று சொல்ல வேண்டிய வேலை எனக்குத்தான் மிஞ்சியது. அதனால் இன்றைக்கும் யாராவது என்னைப் பாராட்டினால், தைத்தது அக்கா என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் நான் சிரிக்கிறேன்.