ஓரக்கோட்டில் ஒரு ஸ்டூல்

என் வீட்டுக்காரர் ரெமிஜியஸைத் தங்கமான மனிதர் என்று ஜீவனஹள்ளியில் யாராவது சொன்னால், அவர்கள் ஒரு நாளும் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை என்று அர்த்தம். குடி கிடையாது. சீட்டு கிடையாது. என்னைக் கை நீட்டி அடித்ததில்லை. முப்பத்தோரு வருஷத்தில் அவர் ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை. பொய்யே சொல்லாமல் ஒரு மனிதன் எவ்வளவு கொடுமை செய்ய முடியும் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

கால்பந்து ஆடித்தான் அவர் ஒரு அரசாங்கத் தொழிற்சாலையில் வேலை வாங்கினார். அந்தக் காலத்தில் கண்டோன்மென்ட் பையன்கள் பலருக்கும் அப்படித்தான் சோறு கிடைத்தது. மதியம் வரை ஸ்டோர்ஸில் நிற்பார், பிறகு கம்பெனி டீமுக்கு லெஃப்ட் பேக் ஆடுவார். இடது ஓரத்தில் நின்று எதிராளியை மறிக்கிற வேலை. பதினெட்டு வருஷம் ஆடியும் நடுக்கோட்டைத் தாண்டிப் போனதில்லை என்று இன்றைக்கும் கல்யாண வீடுகளில் சொல்லிக்கொள்வார். ரிட்டயர் ஆன பிறகு ஒரு பெரிய கிளப் அவரை ஆள் பார்க்கிற வேலைக்கு வைத்துக்கொண்டது. கிளப் சொல்கிற ஆட்டக்காரனை ஞாயிற்றுக்கிழமை மேட்சில் பார்த்து, எடுக்கலாமா வேண்டாமா என்று ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். அவருக்கு டைப் வராது. சாப்பிட்டுக்கொண்டே தமிழில் சொல்வார், நான் லேப்டாப்பில் இங்கிலீஷில் அடித்து அனுப்புவேன். வக்கீல் ஆபீஸில் இருபது வருஷம் டைப்பிஸ்டாக இருந்த இந்த டோரீனுக்குக் கடைசியில் கிடைத்த உத்தியோகம் இது.

எங்கள் மகன் லாயிடும் ஆடினான். பதினேழு வயதில் ஜில்லா டீம் செலக்‌ஷனுக்குப் போனபோது, மேசைக்குப் பின்னால் இருந்த மூன்று பேரில் அவன் அப்பாவும் ஒருவர். மூன்று பேரும் ஒத்துக்கொண்டால்தான் எடுப்பார்கள். மற்ற இருவரும் சரி என்று எழுதினார்கள், இவர் வேண்டாம் என்று எழுதினார். அன்று மாலை டீ குடித்துக்கொண்டே அதை அவனிடம் இவரே சொன்னார். லாயிட் இப்போது மஸ்கட்டில் இருக்கிறான். அப்பா கிரவுண்டில் இருக்கும் நேரம் பார்த்து எனக்குப் போன் பண்ணுவான்.

அந்த ஸ்டூலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மடக்குகிற இரும்பு ஸ்டூல், நீலப் பெயின்ட். யாரைப் பார்க்க வந்தாரோ அவன் ஓடுகிற ஓரக்கோட்டின் பக்கம் அதைப் போட்டு உட்காருவார். இடைவேளைக்குப் பிறகு டீம்கள் பக்கம் மாறும்போது, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கிரவுண்டைக் குறுக்கே கடந்து அவன் பின்னாலேயே போவார். எங்கள் பக்கத்துப் பையன்கள் எல்லோருக்கும் இது தெரியும். ஸ்டூல் ஒரே ஆளின் ஓரத்துக்கு மூன்று ஞாயிறு வந்தால் கிளப்பிலிருந்து போன் வரும் என்று ஒரு பேச்சு உண்டு. நாலு பேருக்கு அப்படி வந்தும் இருக்கிறது. யாரும் அவரிடம் நேரே கேட்க மாட்டார்கள். கேட்டால் ராசி போய்விடுமாம்.

போன வருஷம் கிளப்புக்கு ஒரு லெஃப்ட் பேக் தேவைப்பட்டது. இப்போதெல்லாம் மறித்தால் மட்டும் போதாதாம், மேலே ஏறிப்போய்ப் பந்தை கோல் முன்னால் போட்டும் தர வேண்டுமாம். அவர்கள் சொன்ன பெயர் அர்ஜுனன். எங்கள் பக்கத்துத் தெருப் பையன், இருபத்து நாலு வயசு. பொம்மசந்திராவில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. விடிவதற்கு முன்னால் கிளம்பி பஸ், மெட்ரோ என்று மாறி மாறிப் போவான். அவன் மனைவி ரூபினியை எனக்கு நன்றாகத் தெரியும். தண்ணீர் லாரி வரும் நாட்களில் எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைப்பாள்.

முதல் ஞாயிறு ஐந்தாம் தேதி. அன்று அர்ஜுனன் ஏறிப்போய்க் கொடுத்த பந்துகளில் இரண்டு கோல் விழுந்ததென்று தெருவே பேசியது. இவர் நோட்டில் அந்தக் கோல்கள் இல்லை. அவன் மேலே போன ஒவ்வொரு தடவைக்கும் ஒரு நேர்கோடு இருந்தது. ஓடித் திரும்பி வந்திருந்தால் அதன்மேல் ஒரு குறுக்குக்கோடு. நேர்கோடு முப்பத்தொன்று, குறுக்குக்கோடு பதினொன்று.

"மேல போறது ஷோக்கா போறான்," என்றார் மறுநாள், மீனில் முள் எடுத்துக்கொண்டே. "திரும்பி வர்றதுக்கு மட்டும் பார்க்ல நடக்கற மாதிரி வர்றான். வேணாம்னு போடு."

"சின்னப் பையன்தானேங்க. சொல்லிக் குடுத்தா வந்துடுவான்."

"சொல்லிக் குடுக்கறது என் வேல இல்ல. டைப் பண்ணு."

அடித்தேன். அனுப்பினேன். ஆறாம் தேதி பகலோடு அர்ஜுனன் கதை முடிந்துவிட்டது.

ஆனால் அடுத்த ஞாயிறு அர்ஜுனன் டீமோடு மோதிய டீமில் வெங்கி என்று ஒருவன் இருந்தான். வலது ஓரத்தில் ஏறி ஆடுகிறவன். கிளப் அவனையும் பார்க்கச் சொல்லியிருந்தது. ஒரு டீமின் இடது ஓரமும் எதிர் டீமின் வலது ஓரமும் ஒரே கோடுதானே? வெங்கியைப் பார்க்க உட்கார்ந்த ஸ்டூல் அர்ஜுனன் ஓரத்திலும் இருந்தது. இடைவேளையில் இருவரும் பக்கம் மாறினார்கள், ஸ்டூலும் மாறியது. அர்ஜுனன் அதைப் பார்த்தான். அவன் டீம் முழுக்கப் பார்த்தது. வெங்கிக்கு அன்று பந்தே சரியாகக் கிடைக்கவில்லை. இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று இவர் கிளப்புக்குச் சொல்லிவிட்டார். அதற்கடுத்த ஞாயிறு ஃபைனலிலும் அதே இரண்டு டீம்கள்தான்.

பதினாறாம் தேதி வியாழக்கிழமை சாயங்காலம் ரூபினி வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"ஆன்ட்டி, ஞாயித்துக்கெழம இவருக்கு டூட்டி போட்டுட்டாங்க. எக்ஸ்போர்ட் ஆர்டராம். வரலன்னா திங்கக்கெழம கேட்டுக்கே வராதன்னு சூப்பர்வைசர் சொல்ட்டான். இன்னும் ஆறு வாரம் ஓட்டிட்டா பர்மனென்ட் ஆயிடும் ஆன்ட்டி."

"அப்படியா," என்றேன்.

"வெறும் ஃபைனலுன்னா நானே போவாதன்னு சொல்லிடுவேன். ஆனா ஸ்டூல் ரெண்டு வாரமா வருதே. செலக்ட் ஆவுமான்னு நான் கேக்கல. அது கேக்கக் கூடாது. இந்த வாரமும் அங்கிள் வருவாரா, அத மட்டும் சொல்லுங்க. வர்லன்னா இவர டூட்டிக்கு அனுப்பிடறேன்."

காபி போடுகிறேன் என்று உள்ளே போனேன். திரும்பி வந்து டம்ளரை அவள் கையில் கொடுத்து, "சர்க்கர போதுமாம்மா?" என்று கேட்டேன். என் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான்.

உள்ளறையிலிருந்து இவர் வந்தார். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "வர்றேம்மா," என்றார். "ஸ்டூல எடுத்துக்கினு வர்றேன். உன் வீட்டுக்காரன் நிக்கற சைடுதான் ஒக்காருவேன். வரச் சொல்லு."

ரூபினி பாதிக் காபியை வைத்துவிட்டு ஓடினாள்.

"ஏங்க, இப்படிச் சொல்லி அனுப்பறீங்க? அவன் வேல போயிடுமே!"

"நான் இன்னா பொய்யா சொன்னேன்? வருவேன், அந்த சைடுதான் ஒக்காருவேன்." டிவியைப் போட்டார். "அவன் வரலன்னா அந்த எடத்துல எவனாச்சும் ஒரு சப்ஸ்டிட்யூட் நிப்பான். அவன வெச்சி வெங்கிய எப்படி அளக்கறது? எதிர்ல ஒரு ரெகுலர் லெஃப்ட் பேக் வேணும்."

பக்கத்துத் தெருதான். செருப்புகூடப் போட வேண்டாம். வியாழன் போயிற்று, வெள்ளி போயிற்று, சனிக்கிழமை முழுசும் போயிற்று. நான் போகவில்லை. ரிப்போர்ட் வெளியே தெரிந்தால் இவர் வேலை போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சும்மா. யாருக்குப் போன் வரும், யாருக்கு வராது என்பது அந்த ஏரியாவிலேயே எனக்கு மட்டும் தெரியும். அதில் எனக்கு ஒரு குஷி இருந்தது. மீன்காரியிலிருந்து கோயில் பாடகர் குழு வரை என்னிடம் கொஞ்சம் பணிந்து பேசுவார்கள். சொல்லிவிட்டால் அது போய்விடும். இதைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் சொன்னதில்லை.

மேட்சுகளுக்கு நான் போவதில்லை. அந்த ஞாயிறு போனேன். அர்ஜுனன் வந்திருந்தான். ஷூ லேஸைக் கட்டும்போது ஸ்டூலைப் பார்த்தான், நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டான். விசில் ஊதியதிலிருந்து ஏறினான், ஏறினான், ஏறிக்கொண்டே இருந்தான். பந்து கிடைத்தாலும் ஏறினான், கிடைக்காவிட்டாலும் ஏறினான். அவன் போட்ட ஒரு பந்து கோலானது. ஸ்டூல் பக்கம் திரும்பிச் சிரித்தான். அவன் விட்டுப்போன இடத்தில் வெங்கி ஒருமுறை தனியாகப் புகுந்து கோல் அடித்தான், பிறகு இன்னொருமுறை. இரண்டுக்கு ஒன்றில் அர்ஜுனன் டீம் தோற்றது. டீம் ஆட்கள் தரையில் உட்கார்ந்து அழுதார்கள். அவன் மட்டும் அழவில்லை. ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக இவரிடம் வந்தான்.

"சார், இன்னிக்கி நாப்பது வாட்டியாச்சும் ஏறியிருப்பேன் சார்."

இவர் நோட்டைப் பார்த்தார். "நாப்பத்தி மூணு."

அர்ஜுனன் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. தன்னை இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கிறாரே என்று நினைத்திருப்பான். அந்தக் கோடுகள் நோட்டில் வெங்கிக்கான பக்கத்தில் போட்டவை. வெங்கிக்கு எதிரே நின்றவன் எத்தனை தடவை இடத்தைக் காலியாக விட்டுப் போனான் என்பதற்கு இவர் போட்டது. அதை அவனிடம் யார் சொல்வது? வேலிக்கு அந்தப் பக்கம் ரூபினி நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் கையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

அன்று மாலை இவர் சாப்பிட உட்கார்ந்ததும் லேப்டாப்பைத் திறந்தேன்.

"வெங்கி. நல்ல ஸ்பீடு. ரெண்டு கோல். ஆனா ஆளே இல்லாத எடத்துல அடிச்ச கோல். அத வெச்சி ஒன்னும் சொல்ல முடியாது. வேணாம்னு போடு."

என் விரல் நின்றுவிட்டது. "அப்போ ரெண்டு பேருமே இல்லயா?"

"எதிர்ல ஒழுங்கான ஆள் நின்னிருந்தா பாத்திருக்கலாம்."

"அவன வரச் சொன்னதே நீங்கதானே!"

"கொழம்பு இன்னும் இருக்கா?" என்றார்.

குழம்பு ஊற்றினேன். ரிப்போர்ட் ஃபாரத்தில் எதிராளி பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. என்ன போட என்று கேட்டேன். "பேரு எதுக்கு? சுமாரான லெஃப்ட் பேக்னு போடு." அதையும் அடித்தேன், அனுப்பினேன்.

திங்கட்கிழமை காலை அர்ஜுனனை பொம்மசந்திரா கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று கேள்விப்பட்டேன். தெருவில் பாலுக்குப் போகும்போதுகூடப் போனைக் கையிலேயே வைத்திருந்தான். பத்து நாள் அப்படி. பதினோராவது நாள், ராசியாவது ஒன்றாவது என்று, அவனே கிளப்புக்குப் போன் பண்ணிவிட்டான். அங்கே யாரோ ஒரு பெண், கம்ப்யூட்டரைப் பார்த்து, இருந்ததைச் சொல்லியிருக்கிறாள்.

அன்று மதியம் ரூபினி வந்தாள். கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் தேவலை. நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன்.

"ஆறாம் தேதியே வேணாம்னு ரிப்போர்ட் வந்துட்ச்சாம் ஆன்ட்டி."

கேட்டைத் திறந்தேன், அவள் உள்ளே வரவில்லை.

"அங்கிளுக்கு டைப் வராதே. நீங்கதானே அடிப்பீங்க."

"ரூபினி..."

"நான் வந்தது பதினாறாம் தேதி." அவள் குரல் உயரவே இல்லை. "காபி குடுத்தீங்க. சர்க்கர போதுமான்னு கேட்டீங்களே ஆன்ட்டி."

போய்விட்டாள். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"யாரு?" என்று இவர் உள்ளேயிருந்து கேட்டார்.

"ரூபினி."

"இன்னாவாம்?"

"ஒன்னுமில்ல. சாப்டுங்க," என்றேன். அவர் தட்டை நீட்டினார். நான் சோறு போட்டேன்.