பாஸ்வேர்ட் போட வந்தவர்கள்

கப்பலூரில் ரப்பர் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான். எல்லோருடைய ஃபைல்களும் என் அறை மூலையில் இருந்த பழைய சர்வரில் கிடந்தன. அது அடிக்கடி மக்கர் பண்ணும். உடனே யாராவது கதவைத் தட்டுவார்கள். "அக்கா, டிராயிங் தொறக்க மாட்டேங்குது." எரிந்து விழுந்துதான் எழுந்து போவேன். ஆனால் அம்மா இறந்த பிறகு தல்லாகுளம் வீட்டில் என்னிடம் பேச ஆளில்லை. நான் வாய் திறப்பதே அநேகமாக அந்தக் கதவருகில்தான்.

புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர்கள் அந்தக் கிழட்டு சர்வரை ஏற்க மறுத்தன. மாற்றச் சொல்லி மேனேஜர் உத்தரவு போட்டார். ஃபைல்களை அப்படியே புதியதற்குக் கொண்டுபோகலாம், பாஸ்வேர்டுகளை முடியாது. பழையது அவற்றை ஒரு விதமாக உருமாற்றி வைத்திருந்தது, புதியதற்கு வேறு விதம் வேண்டும். அசலைத் தோண்டி எடுக்க யாராலும் ஆகாது. அவரவர் புதிதாகப் போட்டால்தான் உண்டு. தற்காலிகமாக ஒன்றைக் கொடுத்து, இருந்த இடத்திலேயே மாற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். நான் எல்லோரையும் என் அறைக்கு வரச் சொன்னேன். மேனேஜரிடம் பாதுகாப்பு என்றேன். ஆட்கள் வரட்டும் என்ற ஆசைதான்.

வந்தார்கள். கீபோர்டை நகர்த்தி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். ஒருவர் பாஸ்வேர்ட் அடிக்கும்போது பார்க்கக் கூடாது. வெளியே பைபாஸில் லாரிகள் போகும். முதுகைப் பார்த்துப் பேசுவது சுலபமோ என்னவோ, வந்தவர்கள் தானாகவே பேசினார்கள். அக்கவுண்ட்ஸ் பெண் தனக்கு நிச்சயமானதை முதலில் என்னிடம்தான் சொன்னாள். "யார்ட்டயும் சொல்லிராதீங்கக்கா." அந்த வாரம் வீட்டில் பேச்சுச் சத்தத்துக்காக டிவி போடவே எனக்குத் தோன்றவில்லை.

கடைசியாக ஸ்டோர்ஸ் அண்ணன். உசிலம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். கம்ப்யூட்டர் என்றால் அவருக்கு ஒரே பயம்.

"நீயே ஒன்னப் போட்டு வச்சுக்க தாயி. வேணுங்கிறப்ப உன்ட்ட வந்து கேட்டுக்கிறேன்."

அப்படியே செய்துவிட மனசு அடித்துக்கொண்டது. தினமும் காலையில் வருவார், மழை பெய்ததா என்று நான் கேட்பேன், அவர் மாட்டைப் பற்றிச் சொல்வார். ஆனால் சரக்குக் கணக்கு முழுவதும் அவர் பேரில் இருந்தது. அந்த பாஸ்வேர்ட் இன்னொருவருக்குத் தெரிந்திருந்து ஏதாவது கோளாறு வந்தால் அவர் தலைதான் உருளும்.

"வேணாம்ணே. உங்களுக்கு மட்டும் தெரிஞ்சதா ஒன்னு யோசிங்க."

ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார். தப்பாகிவிட்டது என்று அவர் சொன்னால், ஜன்னலைப் பார்த்தபடியே, அழித்துவிட்டு மறுபடி அடிக்கச் சொன்னேன். கை பழகும்வரை அவரை விடவில்லை.

புது சர்வர் ஒரு நாள்கூட மக்கர் பண்ணவில்லை. மேனேஜர் பாராட்டினார். அதன் பிறகு என் கதவை யாரும் தட்டவில்லை. பாழாய்ப்போன சர்வர், ஒரு தடவையாவது நின்று தொலைக்கக் கூடாதா என்றிருந்தது.

ஒரு நாள் கேன்டீனில் அண்ணனைப் பார்த்தேன்.

"பாஸ்வேர்ட் மறந்துட்டா யோசிக்காம வாங்கண்ணே."

"எப்புடி மறக்கும் தாயி? அம்புட்டு பொறுமையா சொல்லிக் குடுத்தியே. இனிமே உனக்கு என்னால தொந்தரவே கெடையாது," என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

சந்தோஷம்ணே என்றேன். அறைக்குத் திரும்பி, கதவை முழுசாகத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.