தம்பி பார்த்துவைத்த வீடு

மலேரியாவில் கிடந்து எழுந்த என் கணவருக்குத் தோட்டத்துத் துரை பத்து நாள் விடுப்புக் கொடுத்தார். கிள்ளானுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் கங்காணி. கல்யாணமாகி எட்டு வருடத்தில் நாங்கள் எங்கும் போய்த் தங்கியதில்லை. கோலாலம்பூரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, பிள்ளைகள் இரண்டுக்கும் ஊரைக் காட்டலாம் என்று நான்தான் சொன்னேன். அங்கே என் தம்பி இருந்தான்.

தம்பி பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கிராணி; ஆபீசில் கணக்கெழுதும் வேலை. அம்மா இறந்தபோது அவனுக்கு ஏழு வயது, எனக்குப் பதினான்கு. நான் விடியலில் அப்பாவோடு ரப்பர் மரம் சீவப் போகுமுன் சோறு கட்டிக் கொடுத்து அவனைக் கிள்ளானில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவேன்.

காய்ச்சலுக்குப் பிறகு மாமாவுக்குத் தூக்கம் சரியில்லை, உன் வீட்டுக்குப் பக்கத்திலேயே சத்தமில்லாத தெருவாகப் பார் என்று எழுதினேன். பிரிக்பீல்ட்ஸ் சரிப்படாது, ஓயாமல் ரயில் சத்தமும் செங்கல் வண்டிகளும்தான், ஊருக்கு வெளியே செத்தாப்பாக்கில், மலாய்க்காரர்கள் குடியிருக்கும் ஒரு கம்பத்தில் அமைதியான வீடு பார்த்துவிட்டேன் என்று பதில் வந்தது. என்ன பொறுப்பு என்று அந்தக் கடிதத்தைப் பக்கத்து வீட்டாருக்கெல்லாம் படித்துக் காட்டினேன்.

கோலாலம்பூர் ஸ்டேஷனுக்கு வந்து எங்களைச் செத்தாப்பாக்குக்கு வண்டியேற்றி விட்ட தம்பி, ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னான். வீட்டைக் குறை சொல்ல முடியாது. கட்டைகளின் மேல் நின்ற பலகை வீடு, சுற்றிலும் தென்னை. வீட்டுக்கார மலாய் அம்மா வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தார். என் கணவர் பகலிலும் தூங்கினார். ஆனால் ஞாயிறு போயும் தம்பி வரவில்லை. உடம்புக்கு ஏதோ என்று பயந்துபோனேன். மறுநாள் சாயங்காலம் அவனுக்குப் பிடித்த நெத்திலிச் சம்பல் செய்து கட்டிக்கொண்டு, எல்லாரும் விசாரித்து விசாரித்து அவன் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

இரண்டு பக்கமும் பெரிய நிழல் மரங்கள். ரயில் கூவுவது எங்கோ தூரத்தில் கேட்டது. அவன் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, வாடகைக்கு என்று பலகை தொங்கியது. வெயிலில் எழுத்து வெளுத்திருந்தது. என் கணவர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

வராந்தாவில் கோட்டும் தலைப்பாகையுமாக ஒரு பெரியவரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி வேகமாக வாசலுக்கு இறங்கி வந்தான். சின்னவள் "மாமா" என்றாள். யார் இவர்கள் என்று பெரியவர் கேட்டார்.

"எங்க அப்பா காலத்துல தோட்டத்துல வேலை செஞ்சவங்க, ஐயா. ஊர் பாக்க வந்திருக்காங்க" என்றான் தம்பி.

நான் சம்பல் பொட்டலத்தை நீட்டினேன். "இதக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தோம், ஐயா" என்றேன். நான் வளர்த்தவனை ஐயா என்றேன். அவன் தலை நிமிராமல் வாங்கிக்கொண்டான்.

தெருமுனையில் என் கணவர் கேட்டார்: "அக்கான்னு நீயாவது சொல்லியிருக்கலாமே?"

"அவன் சொல்லட்டும்னுதான் நின்னேன்."

மறுநாள் செத்தாப்பாக்குக்கு வந்தான். அந்தப் பெரியவர் தலைமைக் கிராணியாம். அவர் மகளை இவனுக்குப் பேசியிருக்கிறார்களாம். அப்பா தோட்டத்து ஆபீசில் இருந்தார், கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை என்று சொல்லிவைத்திருக்கிறான். கல்யாணத்துக்குப் பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றான்.

"அதுக்குத்தான் இவ்வளவு தூரத்துல வீடு பாத்தியா?"

"உங்களுக்கு இங்க அமைதியா இருக்கும்னுதான்க்கா."

வாசலில் சொன்னதைக்கூடப் பயத்தில் சொன்னான் என்று நினைத்துக்கொள்ளலாம். இதை என் முகத்தைப் பார்த்தே சொன்னான். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். அவன் கிளம்பிப் போனான்.

உடனே கிளம்பிவிடலாம் என்றார் என் கணவர். நான் மறுத்தேன். பிள்ளைகளைப் பத்துமலைக்குக் கூட்டிப்போனோம். பத்து நாளும் இருந்துவிட்டே திரும்பினோம்.

கல்யாணம் நடந்ததை ஒரு ரயில்வேக்காரர் சொல்லித்தான் அறிந்தேன். இரண்டு வருடம் கழித்து, மகன் பிறந்திருக்கிறான், நீ வந்து பார்க்க வேண்டும், உன்னைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டேன் என்று தம்பி எழுதினான். குழந்தைக்கு ஆசீர்வாதம் என்று ஒரு வரி பதில் போட்டேன். போகவில்லை.