வெள்ளைக் கிண்ணத்து ஒயின்

போன வாரம் ரங்கூன் கியாக்டடாவில் ஒரு ஹோட்டலில் ஒயின் ருசி பார்க்கும் கூட்டம். அங்கே வேலை செய்யும் என் தங்கை மகள் மேரி என்னை இழுத்துக்கொண்டு போனாள். கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் அலறிக்கொண்டிருக்கிறது. அந்த இரைச்சலில் கோட்டுப் போட்ட சில பேர் கண்ணாடிக் கோப்பைக்குள் மூக்கை விட்டுக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவர் மழை வாசனை வருகிறது என்றார். இன்னொருவர் தோல் வாசனை என்றார். செருப்புக் கடைக்குப் போயிருந்தால் அது சும்மாவே கிடைத்திருக்கும்.

நானும் மோந்து பார்த்தேன். எனக்கு வந்தது ஈரச் செங்கல் வாசனை. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

நான் கப்பலில் சமையல்காரனுக்கு எடுபிடியாக இருந்த காலம். இத்தாலியில் ஒரு துறைமுகத்தில் முதலாளி கப்பலையும் எங்களையும் சேர்த்துக் கைகழுவிவிட்டான். ஊர் திரும்ப வழி பிறக்கும்வரை அங்கிருந்த பாதிரியார் எங்களை ஆளுக்கொரு வீட்டில் விட்டார். எனக்கு வாய்த்தது, மலைச்சரிவில் திராட்சை போட்டு ஒயின் செய்யும் குடும்பம். பாதிரியார் சொன்னபோது சொர்க்கம் போலத்தான் இருந்தது. போய்ப் பார்த்தால் குளவி, சேறு, இடுப்பு ஒடியக் குனிந்து குலை வெட்டும் வேலை. அந்த மலையைப் படம் பிடித்துச் சுவரில் மாட்டுகிறவர்கள் ஒரு நாள் வெட்டிப் பார்க்கட்டும்.

அண்ணன் புரூனோ, தம்பி ஆல்டோ. ஒரே வீடு, ஒயின் பீப்பாய் வைக்க ஒரே நிலவறை, ஆனால் வருடக்கணக்காகப் பேச்சு கிடையாது. டிராக்டரை மழையில் விட்டது யார் என்ற சண்டை. இதெல்லாம் ஒரு காரணமா? அந்த வருடம் நிலவறைக்கு நடுவே சுவர் எழுப்பிப் பிரித்துக்கொள்வதாக முடிவாகி, ஈரம் காயாத செங்கல் வந்து பீப்பாய்களுக்குப் பக்கத்தில் அடுக்கியும் ஆகிவிட்டது. புரூனோவின் மனைவி லீனாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "சுவர் வந்துட்டா அவ்வளவுதான். அப்புறம் இது குடும்பம் இல்ல, ரெண்டு கடை" என்பாள்.

அங்கே ஒரு வழக்கம். புது ஒயினை வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் பிடிப்பார்கள். குலை வெட்டிய அத்தனை பேரும் அந்த ஒரே கிண்ணத்தில் வாய் வைத்துக் குடிக்க வேண்டும். சண்டைக்குப் பிறகு இந்த மகராசன்கள் ஆளுக்கொரு கிண்ணமாக்கிக்கொண்டார்கள். அந்த வருடம் லீனா ஒன்றை ஒளித்துவிட்டாள். இருந்த ஒன்றை இரண்டு பேரும் தொடவில்லை. கடைசியில் என் கையில் திணித்து, "விருந்தாளி முதல்ல" என்றாள்.

எனக்கு என்ன தெரியும்? ரங்கூனில் நான் படித்த மிஷன் பள்ளிக்கூடத்தில் தண்ணீர்ப் பானைக்கு ஒரே டம்ளர். உதடு பட்டால் முதுகு பழுத்துவிடும். அந்தப் பழக்கத்தில் கிண்ணத்தைத் தூக்கி அண்ணாந்து ஊற்றினேன். அகன்ற கிண்ணம். பாதி வாயில் விழுந்தது, மீதி மூக்கிலும் சட்டையிலும்.

நிலவறை அதிர ஆல்டோதான் முதலில் கத்தினான். "பாத்தியா புரூனோ, நம்ம வாய் இவனுக்கு அசிங்கமாம்!"

"அசிங்கமா? மூக்கால குடிக்கிறான்டா இவன்!"

இரண்டு தடியன்களும் பீப்பாயைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். புரூனோ கிண்ணத்தைப் பிடுங்கினான். "டேய் பர்மாக்காரா, இப்படிக் குடிக்கணும்." குடித்துக் காட்டிவிட்டுத் தம்பியிடம் நீட்டினான். ஆல்டோ அதே இடத்தில் வாய் வைத்தான். லீனா அழுதாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர் பேசிக்கொள்ள, நடுவில் கேலி செய்ய ஒரு அந்நியன் வேண்டியிருந்தது. வெட்கம் கெட்ட ஜென்மங்கள். அந்தச் செங்கலில் பன்றிக்கொட்டில் கட்டினார்கள். சுமந்தவன் நான்தான்.

சமீபத்தில் லீனா போனில் சொன்னாள். அண்ணன் தம்பி இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிள்ளைகள் விற்றுவிட்டார்கள். வாங்கியவன் நிலவறையை அறை அறையாகத் தடுத்துச் சுற்றுலாக்காரர்களுக்கு விடுகிறானாம். இப்போது அங்கே சுவருக்குப் பஞ்சமில்லை.

"மாமா, மெதுவா வாயில வைங்க. என் மானத்த வாங்காதீங்க" என்றாள் மேரி, நான் ஹோட்டல் கோப்பையை இன்னும் மோந்துகொண்டு நிற்பதைப் பார்த்து.

கோப்பையைத் தூக்கி அண்ணாந்து ஊற்றினேன். மூக்கில் ஏறியது, சட்டை நனைந்தது. கோட்டுக்காரர்கள் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்கள். பரிமாறுகிறவர் ஓடிவந்து, பர்மியில் மாமா முறை வைத்து, "ஊலே, வேற கிளாஸ் கொண்டு வரவா?" என்று பணிவாகக் கேட்டார்.

ஒரு பயலும் சிரிக்கவில்லை.