கடலுக்கு முதுகு

எண்ட்லாவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். சாரேமா தீவில் யாரும் கத்துவதில்லை. கத்தினால் பக்கத்துப் பண்ணைக்காரர் வந்து, வீட்டில் யாருக்கு என்ன ஆச்சு என்று விசாரிப்பார். அவள் கோபமெல்லாம் கைக்குத்தான் இறங்கும். பிப்ரவரியில் ஊராட்சி அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தைப் படித்துவிட்டு, அரை மூட்டை உருளைக்கிழங்கை உட்கார்ந்த இடத்தில் தோல் சீவித் தள்ளினாள். வீட்டில் இருப்பதோ ஒற்றை ஆள். ஒரு வாரத்துக்கு மூன்று வேளையும் அதையேதான் தின்றாள்.

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான். கிவியொட்சா கடல்முனையில் வேலி போட்டது குறித்த தங்கள் புகார் வந்து சேர்ந்தது. நிலம் காய்ந்தபின், மே மாத நடுவில், நேரில் வந்து பார்வையிடப்படும். மே மாதமாம்! மே மாதத்தில் அந்த முனையில் கொசுதான் இருக்கும். ஹாக் என்னும் கடல்வாத்துகள் ஏப்ரல் முதல் பதினைந்து நாளுக்குள் வடக்கே போய்விடும். அதிலும் பெருங்கூட்டம் போவது ஒரே ஒரு காலையில். வாடைக்காற்று நாலைந்து நாள் அடித்து அவற்றைத் தெற்கே நிறுத்தி வைத்திருக்கும். காற்று தென்மேற்குக்கு மாறியதும், விடிந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் எல்லாம் கிளம்பிப் போய்விடும். அந்தக் காலை போனால் போனதுதான், அடுத்த வருஷம்தான்.

எண்ட்லா அந்தக் காலைக்காகத்தான் நாற்பது வசந்தமாக உயிரோடு இருக்கிறாள் என்று ஊரில் கேலி பேசுவார்கள். கேலி என்ன கேலி, உண்மையே அதுதான்.

ஆரம்பித்ததும் கோபத்தில்தான். 1979இல் அவளுக்கு இருபத்து நாலு வயது. மீன்பிடிக் கூட்டுப்பண்ணையின் தகர டப்பா ஆலையில் கிலு மீனுக்குத் தலை கிள்ளும் வேலை. அப்போது கரையெல்லாம் சோவியத் எல்லைக்காவல். முள்கம்பி போட்டு, மணலைத் தினமும் பரம்படித்து வைத்திருப்பார்கள், எவன் காலடி பட்டாலும் தெரிவதற்காக. அவள் அப்பாவின் படகையே சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை அவர்கள் வைத்திருந்தார்கள். ஒரு ஏப்ரல் காலையில் ஆலையின் பின்படியில் நின்று ரொட்டி தின்றுகொண்டிருந்தவள், ஹாக் வாத்துகள் வரிசை வரிசையாகக் கடலோடு போவதைப் பார்த்தாள். ஆணுக்கு முதுகு வெள்ளை, வயிறு கறுப்பு. பெண் முழுக்க மரப்பட்டை நிறம். எந்தச் சீட்டும் கேட்பாரில்லாமல் அவை போன போக்கைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனைதான் இப்படிப் போகின்றன, யாராவது எண்ண வேண்டாமா என்று எண்ணத் தொடங்கினாள். அப்புறம் விட முடியவில்லை.

முனையில் ஒரு பாறாங்கல், ஆள் உட்கார வசதியாக மேலே சற்றுக் குழிந்தது. அதில் உட்கார்ந்தால் நேர் எதிரே, கடலுக்குள் ஒரு திட்டின்மேல் பழைய இரும்புக் கம்பம் தெரியும். கல்லுக்கும் கம்பத்துக்கும் நடுவே ஒரு கோடு இருப்பதாக மனதில் வைத்துக்கொள்வாள். கோட்டைத் தாண்டியதுதான் கணக்கு. சட்டையின் வலப்பையில் காய்ந்த பட்டாணி இருக்கும். நூறு பறவை தாண்டினால் ஒரு பட்டாணி இடப்பைக்கு மாறும். கண்ணைக் கடலிலிருந்து எடுக்கவே கூடாது. எல்லாம் முடிந்தபின் பட்டாணியை எண்ணி, தடித்த ஒரே நோட்டில் தேதி, காற்று, எண்ணிக்கை என்று ஒரு வரி. வசந்தத்துக்குப் பதினைந்து வரி. அதே கல், அதே நேரம் என்று இருந்தால்தான் இந்த வருஷம் குறைந்ததா கூடியதா என்று சொல்ல முடியும். பத்தடி தள்ளி உட்கார்ந்தாலும் அது வேறு கணக்கு.

பரம்படித்த மணலைத் தாண்டிக் கல்லுக்குப் போக முதல் வருஷம் ஒரு தந்திரம் செய்தாள். வேண்டுமென்றே கடலுக்கு முதுகைக் காட்டி, பின்பக்கமாகவே நடந்து போனாள். தடம் கடலுக்குப் போவதாகத் தெரியாதே என்று நினைப்பு. தெரியவில்லைதான். யாரோ கடலிலிருந்து ஏறித் தீவுக்குள் வந்திருப்பதாகத் தெரிந்தது! ஸ்வீடன் ஒற்றன் என்று மூன்று நாள் நாயோடு தீவைச் சல்லடை போட்டார்கள். எண்ட்லா வாயே திறக்காமல் கிலுவுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

பிறகு பிடிபட்டாள், ஒரு தடவையா இரண்டு தடவையா. ஒரு சார்ஜென்ட் அவளை ஆறு மணி நேரம் உட்கார வைத்து, தொலைநோக்கியில் யாருக்குச் சைகை காட்டினாய் என்று கேட்டான். வாத்து எண்ணினேன் என்றாள். எத்தனை என்றான். கல்லிலிருந்து இழுத்து வரும்வரை இரண்டாயிரத்து முந்நூறு என்றாள். அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொண்டான், புண்ணியவான். தொலைநோக்கி மட்டும் திரும்பி வரவில்லை. இரண்டு வசந்தம் வெறுங்கண்ணால் எண்ணினாள். அப்படிப் பறிபோன நாள்களில், எண்ணிக்கை இருக்க வேண்டிய இடத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு போனவன் பெயரை எழுதினாள். நாற்பது வருஷத்தில் ஒன்பது பெயர். ஒன்பதும் ராணுவத்தான்கள். அவர்கள் 1991க்குப் பிறகு மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் காய்ச்சலானாலும் மழையானாலும் ஒரு வரிகூட விடுபட்டதில்லை. புருஷன் செத்த வருஷம் அடக்கமே மதியம்தான் என்பதால் அன்றும் போனாள்.

இப்போது உர்மோ வந்து சேர்ந்தான். தலைநகர் தாலினில் ஏதோ கம்பெனி வைத்திருப்பவன். முனையை வாங்கி, கடலைப் பார்த்துக் கண்ணாடி வீடு கட்டினான். கட்டிவிட்டுப் போகட்டும், அவளுக்கென்ன? ஆனால் போன குளிர்காலத்தில், வீட்டின் இரண்டு பக்கமும் தண்ணீர்வரை வேலியை இழுத்துவிட்டான். தண்ணீர் விளிம்பிலிருந்து பத்து மீட்டர் யார் வேண்டுமானாலும் நடக்கலாம், கரைவழியை எவனும் அடைக்கக் கூடாது. இது இந்த நாட்டில் குழந்தைக்கும் தெரியும். வசந்தத்தில் வெள்ளம் ஏறி அந்தப் பத்து மீட்டர் முழுகிவிடுகிறது, அதனால் வழியே கிடையாது என்பது உர்மோவின் நியாயம். முழுகினால் தண்ணீர் ஓரத்தில் இரண்டு மீட்டர் விட வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. அந்த வரியை மட்டும் அவன் படிக்கவில்லை போலிருக்கிறது.

ஏப்ரல் முதல் தேதியிலிருந்து எண்ட்லா தண்ணீர் வழியாகவே போனாள். இடுப்புவரை வரும் ரப்பர் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு, வேலியின் கடைசிக் கம்பத்தைச் சுற்றி, பனிக்கட்டி மிதக்கும் தண்ணீரில் தடவித் தடவி. அறுபத்து நாலு வயதில்! வாடை அடித்த அந்த ஐந்து நாளும் முப்பது, நாற்பது என்று அற்பத்துக்குத்தான் பறவை. மார்ச் கடைசியிலிருந்தே தெற்கே குவிகிறது என்று அவளுக்குத் தெரியும்.

ஆறாம் தேதி எழுந்ததும் காற்று தென்மேற்கு. ரொட்டியில் அவசரமாக வெண்ணெய் தடவினாள். ஆறரைக்குக் கல்லில் இருந்தாள். ஏழுக்கு முதல் வரிசை கோட்டைத் தாண்டியது, பிறகு இன்னொன்று. கீழே தண்ணீரில் ஒரு கூட்டம் இறங்கி, புதுச் சங்கதி கேட்ட பெண்டுகள் மாதிரி "ஆ...ஊ... ஆ...ஊ..." என்று வாயைப் பிளந்துகொண்டிருந்தது. பதினான்கு பட்டாணி இடப்பைக்குப் போயிருந்தது. பெருங்கூட்டம் இன்னும் வரவில்லை.

அப்போது பின்னால் நாய் குரைத்தது. உர்மோ வந்து நின்றான். காலை வணக்கம் சொன்னான். எண்ட்லா கடலைப் பார்த்தபடியே பதில் வணக்கம் சொன்னாள். போலீசுக்குச் சொல்லியிருப்பதாக, ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னான். சொல்லிக்கொள் என்றாள், தலையைத் திருப்பாமல். வேண்டுமானால் வீட்டு மாடத்தில் வந்து உட்காரலாம், காப்பி தருகிறேன், முன்கூட்டி ஒரு போன் போட்டால் போதும் என்றான். என் காலுக்கு உள்ள பாத்தியதையை எனக்கே பிச்சை போடுகிறான் பார் என்று நினைத்தாள். ஆனாலும் திரும்பவில்லை. பதினைந்தாவது பட்டாணியை மாற்றினாள்.

"எப்படியும் அடுத்த வாரம் இந்தக் கல்லு இங்க இருக்காதும்மா," என்றான் உர்மோ. "கிரேன் சொல்லியிருக்கு. மேல தோட்டத்துல வெக்கப்போறோம். அழகான கல்லு."

எண்ட்லா எழுந்தாள். திரும்பினாள்.

அதற்கப்புறம் அவள் பேசியது நாற்பது வருஷத்துப் பேச்சு. குரலை உயர்த்தவில்லை. முள்கம்பி, அப்பாவின் படகு, தொலைநோக்கி, ஊராட்சிக் கடிதம், மே மாதம் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. துப்பாக்கி வைத்திருந்தவன்கூட இந்தக் கல்லைத் தொட்டதில்லை, உனக்கு அது தோட்டத்துக்கு அலங்காரமா என்று கேட்டாள். உர்மோ இரண்டடி பின்னால் போனான். நாய் அவனுக்கும் பின்னால் போனது. நடுவில் காவ்போ வந்து சேர்ந்தான். குரெசாரே காவல் நிலையத்துக்காரன், அவளோடு கிலுவுக்குத் தலை கிள்ளிய லினாவின் மகன். வந்தவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எண்ட்லாவுக்கு எதிரே, கடலைப் பார்த்தபடி, பேச்சு முடியட்டும் என்று காத்து நின்றான். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதவன். லினா அப்படி வளர்த்திருந்தாள்.

எண்ட்லா முடித்து மூச்சு வாங்கினாள். காவ்போ தண்ணீர் ஓரத்திலிருந்து வேலிவரை காலால் அளந்தான். உர்மோவிடம் சட்டத்தைச் சொன்னான். இன்றே வேலியில் இரண்டு மீட்டர் திறக்க வேண்டும், இந்தக் கல் வெள்ளக் கோட்டுக்குள் இருக்கிறது, இதை அசைத்தால் வழக்கு போடுவேன் என்றான். உர்மோ தலையாட்டினான். எல்லாம் ஐந்து நிமிஷத்தில் முடிந்துபோனது.

"அப்புறம் அத்தை," என்றான் காவ்போ, தொப்பியை மாட்டிக்கொண்டே. "உங்க பின்னால ரொம்ப நேரமா ஏதோ கறுப்பு வெள்ளையா போய்ட்டே இருந்துச்சு. கயிறு கயிறா, முடியவே இல்ல. நீங்க பேசிட்டு இருந்தீங்களேன்னு..."

எண்ட்லா கடலைப் பார்த்தாள். கம்பம் நின்றது. வடக்கே வெகு தூரத்தில், கண்ணுக்கு எட்டாத விளிம்பில், ஒரு கோடு இறங்கி மறைந்தது. கீழே சங்கதி பேசிக்கொண்டிருந்த கூட்டமும் போயிருந்தது.

"எப்பலருந்துடா?" என்றாள்.

"நான் வந்ததுலருந்தே."

காவ்போவுக்கு முகம் வெளிறிவிட்டது. தோராயமாக ஒரு எண்ணிக்கை போட்டுக்கொள்ளுங்கள் அத்தை, யாருக்குத் தெரியப்போகிறது என்று முணுமுணுத்தான். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான். வீட்டில் கேமரா இருக்கிறது, பதிவாகியிருக்கும், எடுத்துத் தருகிறேன் என்றான் உர்மோ. சொல்லும்போதே அவன் குரல் இறங்கியது. கேமரா கடலைப் பார்க்கவில்லை. வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எண்ட்லா கல்லில் உட்கார்ந்து நோட்டை எடுத்தாள். ஏப்ரல் 6, தென்மேற்கு என்று எழுதினாள். பென்சில் அங்கேயே நின்றது. உர்மோ எட்டிப் பார்த்தான். பழைய பக்கங்களை அவளே திருப்பி, ஒன்பது பெயரையும் விரலால் தொட்டுக் காட்டினாள். எண் இருக்க வேண்டிய இடங்களில் ருஷ்யப் பெயர்கள். அவன் ஒவ்வொன்றாகப் படித்தான். கழுத்து சிவந்தது.

"என் பேரை எழுதிக்குங்க," என்றான்.

"உன் பேரையா? இவனுக என்னை இழுத்துட்டுப் போனானுக. ரெண்டு பேர் தோளைப் புடிச்சு, காலு தரையில தேய. அப்பக்கூட நான் திரும்பித் திரும்பிக் கடலைத்தான் பாத்தேன். நீ என்ன பண்ணின? வாயைத் திறந்த. அவ்வளவுதான்."

உர்மோ நாயை இழுத்துக்கொண்டு ஓரடி விலகினான்.

அவள் எழுதினாள். பென்சில் முனை தாளில் ஏறி முறிகிற அளவுக்கு அழுத்தி எழுதினாள். ஏப்ரல் 6, தென்மேற்கு, எண்ட்லா.

பிறகு இடப்பையிலிருந்த பதினைந்து பட்டாணியையும் வலப்பைக்கே மாற்றிவிட்டு, கழுத்துத் துணியை இறுக்கிக்கொண்டு கடலைப் பார்த்து உட்கார்ந்தாள். ஒன்பது மணிவரை அவள் நேரம். ஏழு வாத்து போனது.