மீசைக்கு ஒரு பழம்

பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே பழனிவேலின் கை பக்கத்துச் செடிக்குப் போய்விடும். எதிரில் இருப்பவர் மகளுக்கு வரன் தேடும் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் வீட்டுச் செம்பருத்தி பாதியாகியிருக்கும். "ஒண்ணுமில்ல, கம்பி பக்கம் போவுது, அதான்" என்பார். பல வீடுகளில் தலைக்கு மேல் கம்பியே இருக்காது.

கடலூர் செம்மண்டலத்தில் குடியிருக்கும் இவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மழைக்காலத்துக்கு முன்னால் தெருத்தெருவாகப் போய், கம்பியில் உரசும் மரக்கிளைகளைக் கழித்துவிடுவது அவருடைய வேலைகளில் ஒன்று. வேலை அவரை விட்டுவிட்டது. அவர் வெட்டுவதை விடவில்லை. பொறுமைசாலி என்று அவரைச் சொல்ல முடியாது, பிடிவாதக்காரர் என்று சொல்லலாம். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஏற்காட்டுக்குச் சுற்றுலா போனபோது ஒரு நர்சரியில் கருப்புப் பழம் காய்க்கும் ப்ளாக்பெரி முள்செடி ஒன்றை வாங்கி, ஊர் வரும்வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். தொடையெல்லாம் முள் கீறல். "கடலூர் வெயிலுக்கு வருமா?" என்று கேட்டதற்கு நர்சரிக்காரர், "வராம எங்க போவுது" என்றாராம். அதைப் பழனிவேல் உத்தரவாதமாக எடுத்துக்கொண்டார். பின்கட்டில் நட்டு, மேலே பச்சை வலை கட்டி, வேரைச் சுற்றி வைக்கோல் பரப்பி, அக்னி நட்சத்திரத்தில் அதற்கு டேபிள் ஃபேனும் வைத்தார்.

"என்னாங்க, நான் அடுப்படியில வேவுறேன். முள்ளுக்குக் காத்தா?" என்றார் மனைவி மங்கலம்.

"அது குளுரு ஊருல பொறந்தது மங்கலம். நீ காட்டுமன்னார்கோயில்ல பொறந்தவ."

செடி ஜாஸ்தியாகவே வளர்ந்தது. ஆனால் வருஷங்கள் போயும் ஒரு பூகூடப் பூக்கவில்லை. சிதம்பரத்தில் நடந்த ஒரு கல்யாணப் பந்தியில் இந்த விஷயம் மங்கலத்தின் அண்ணன் வைத்திலிங்கத்தின் காதுக்குப் போயிற்று. அவருக்குக் காட்டுமன்னார்கோயிலில் ரைஸ்மில் இருக்கிறது. அதைவிடப் பெரிய சொத்தாக அவர் நினைப்பது மீசையை. மில்லின் தவிட்டுத் தூசு ஊரையே மூடினாலும் அந்த மீசை மட்டும் எண்ணெய் போட்டுப் பளபளவென்று நிற்கும்.

"முள்ளு வேணும்னா எங்கிட்ட கேக்க வேண்டியதுதான மாப்ள? வாய்க்கா கரையில கெடக்கு, லாரில அனுப்புறேன்" என்றார் வைத்திலிங்கம். பந்தி சிரித்தது.

"பழம் வரும் மச்சான்."

"வர்ற சித்திரை முடியறதுக்குள்ள கருப்பா ஒரு பழம் காட்டு, இந்த மீசைய எடுத்துடுறேன். காட்டலையா, நீயே உங்கையால செடியப் புடுங்கி எறிஞ்சிடணும்."

"சரி" என்றார் பழனிவேல். பாயசம் ஊற்ற வந்தவர் சாட்சி.

அதன்பிறகு செடிக்கு உபசாரம் கூடியது. போகிக்கு, வழக்கம்போலவே, முற்றிப் பழுப்பேறிய கொடிகளையெல்லாம் அடியோடு வெட்டி வாசலில் போட்டுக் கொளுத்தினார். "பழசு கெடந்தா புதுசு எப்புடி வரும்?" என்று தெருவுக்கே வியாக்கியானம் சொன்னார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். வெளியே தெளிவாகத் தெரியும் கருத்துகளில்தான் பெரும்பாலும் தவறு குடியிருக்கிறது.

மாசியில் ஒருநாள் பக்கத்து வீட்டு ஜான்சி மதில்மேல் எட்டிப் பார்த்தாள். "அங்கிள், உங்க முள்ளு ஒண்ணு எங்க பக்கம் வந்து பூத்திருக்கு!"

மதிலைத் தாண்டிப்போய் அவள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட ஒற்றைக் கொடி அது. பழனிவேலின் கைக்கு எட்டாததால் பிழைத்தது. ஜான்சி செல்போனில் தேடிப் படித்தாள். "போன வருசம் வளந்த கொடியிலதான் பூ வருமாம் அங்கிள். நீங்க ஒவ்வொரு போகிக்கும் பழத்தத்தான் கொளுத்தியிருக்கீங்க."

தான் காவல் காத்த வீட்டுக்குத் தானே திருடன் என்று தெரிந்துகொண்ட மனிதன் என்ன செய்வான்? பழனிவேல் ஒரு டீ கேட்டார்.

மறுநாள் முதல் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டுதான் செடியிடம் போனார். கொடியை மெல்லத் தூக்கித் தன் பக்கம் கொண்டுவந்து சாய்த்துக் கட்டினார். பூக்கள் வெயிலில் உதிர்ந்தன. பிஞ்சுகளைக் கொண்டைக்குருவி கொத்திப் போனது. மிஞ்சியது ஒன்று. அதன்மேல் டீ வடிகட்டியைக் கவிழ்த்துக் கட்டினார். மங்கலம் பழைய வேட்டித் துணியில் டீ வடிகட்ட ஆரம்பித்தார்.

பழம் பச்சையிலிருந்து சிவப்புக்கு வந்தது. "நாளைக்குக் கருத்துடும். இல்லாட்டி நாளன்னிக்கு" என்று பழனிவேல் தெருவில் போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது, சித்திரைக் கடைசியில், பேத்தியின் காதுகுத்துப் பத்திரிகையோடு வைத்திலிங்கம் வந்து இறங்கினார். பத்திரிகைத் தட்டை வைத்ததும் நேராகப் பின்கட்டுக்குத்தான் போனார். பழனிவேல் வடிகட்டியை அவிழ்த்துக் காட்டிவிட்டு, மறுபடி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"செவப்பா இருக்கே மாப்ள."

"கருக்கும் மச்சான். ரெண்டு நாளு இங்கயே தங்குங்க. உங்க கண்ணால பாக்கலாம்."

"இதென்னா பழம்னு நாக்குல வச்சா தெரிஞ்சிடப் போவுது" என்று சொல்லி, பழனிவேல் கையை அவிழ்ப்பதற்குள், வைத்திலிங்கம் அதைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டார்.

மங்கலம் காப்பி டம்ளரோடு அப்படியே நின்றார். வைத்திலிங்கத்தின் ஒரு கண் மூடிக்கொண்டது. கன்னம் உள்ளே போயிற்று. மீசையின் இரு முனைகளும் தாமாகவே மேலே ஏறின. அந்தப் புளிப்பை முழுங்கவும் முடியவில்லை. தங்கை வீட்டில் நின்றுகொண்டு துப்பவும் மரியாதை இடம் கொடுக்கவில்லை.

"அண்ணே, தண்ணி தரட்டா?" என்றார் மங்கலம்.

பழனிவேல் திட்டுவார் என்றுதான் எவரும் எதிர்பார்த்திருப்பார்கள். அவர் அவசரமாகக் கிட்டே போனார். "முழுங்கிடாதீங்க மச்சான், உள்ள வெதை இருக்கும்" என்று கெஞ்சலாகச் சொல்லி, அந்த வாய்க்கு நேர் கீழே தன் இரண்டு உள்ளங்கைகளையும் குழித்துச் சேர்த்துப் பிடித்தார்.